பன்னிரண்டாவது ஆள்

எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் மரத்தரையில் யாரும் பூட்ஸோடு நடக்கக் கூடாது. பனிக்காலத்தில் அங்கே ஊர்க்கூட்டம் ஏதாவது நடந்தால் தார்ப்பாயை விரித்து மூடிவிடுவார்கள். நீங்கள் மேசையில் வைத்திருக்கிற இந்தப் படத்தில் அந்தத் தார்ப்பாய் சுருங்கிக் கிடக்கிறது, பாருங்கள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எடுத்திருந்தால் படம் இன்னும் நன்றாக வந்திருக்கும். என்ன செய்வது, ஆட்கள் கலைவதற்குள் எடுத்தாக வேண்டியிருந்தது.

ஆமாம், நான் எடுத்த படம்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் பெயர் வென்டெல் ஓஸ்ட்ரெம். பாதி ஆயுள் இந்தச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்குச் சோள விதை விற்றேன். இப்போது ஓய்வு. மனைவி இருந்தாள். என் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதற்கப்புறம்தான் வலைப்பூ தொடங்கினேன். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவன் ஊருக்குச் சொல்லக் கிளம்பினான் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும். "ஸ்டோர்விக்கிலிருந்து பார்த்தால்" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தேன். எழுதியதெல்லாம் ஒரே விஷயம். அதிபர் தேர்தலில் நிற்பதற்குக் கட்சிக்குள்ளே நடக்கும் போட்டி.

எனக்கு எல்லாரைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. செனட்டர் கார்மைக்கேலுக்குப் பல்லைக் காட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று முதல் வாரத்திலேயே எழுதினேன். என் ஆள் ஆளுநர் அகஸ்டா பெல். கருத்துக்கணிப்புகளில் கடைசி வரிசையில் கிடந்தவர். ஒருமுறை கொட்டும் பனியில் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கடைக்கு வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர்தான். நான் சோளத்திலிருந்து எடுக்கிற எத்தனால் எரிபொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார். அப்படிக் கேட்டவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

என் வலைப்பூவுக்கு யார் பின்னூட்டம் இட்டாலும் பதில் எழுதிவிடுவேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாலும் எழுதுவேன். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் இந்தப் பழக்கத்தால் நடந்தது.

நீங்கள் மிசௌரிப் பக்கத்துக்காரர் என்கிறார்கள், அதனால் எங்கள் காக்கஸ் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே முதலில் தீர்ப்புச் சொல்வது எங்கள் அயோவா. ஆனால் எங்கள் கட்சிக் கூட்டத்தில் ஓட்டுச்சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. ஆளே ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் கூடத்தில் ஒரு மூலை. யார் வேண்டுமோ அவர் மூலையில் போய் நிற்க வேண்டும். ஊரே பார்க்கும். கணவன் அந்த மூலை, மனைவி இந்த மூலை என்று நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது வண்டியில் பேசாமல் போவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மூலையில் சேராவிட்டால் அந்த மூலை செல்லாது. அங்கே நின்றவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டியதுதான். எண்ணுவதும் வாயால்தான். கையைத் தூக்கி நிற்க வேண்டும். தன் முறை வரும்போது தன் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையை இறக்க வேண்டும். இன்னொரு விதி, நிற்பவர் அந்த வட்டத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது மோசடி.

ஸ்டோர்விக்கில் பெல்லின் மூலை செல்லும் என்று நான் எழுதினேன். மாநிலமே சிரித்தது என்று சொன்னால் மிகை, மாநிலத்துக்கு என்னைத் தெரியாது. ஆனால் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று என் கணிப்பை ஒரு ஓரத்தில் போட்டது. பக்கத்து ஊரில் கிரெக் யேகர் என்று ஒரு வாத்தியார், அவனும் வலைப்பூ வைத்திருக்கிறான். "பெல்லின் மூலையில் வென்டெலும் அவருடைய நிழலும் நிற்பார்கள், நிழல் கடைசி நேரத்தில் கட்சி மாறினாலும் மாறும்" என்று எழுதினான். அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, ஹாலிக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்.

ஹாலி வெப் எங்கள் ஊருக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மார்லிஸ் லுண்டின் சாப்பாட்டுக்கடையில் வேலை. மார்லிஸ்தான் எங்கள் வட்டத்துக் காக்கஸ் கூட்டத்துக்கும் தலைவர். நான் காலையில் மடிக்கணினியோடு அங்கே போய் உட்கார்ந்தால் மதியம் மிளகாய்க் குழம்பும் பட்டை ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஹாலி காப்பி ஊற்ற வரும்போதெல்லாம் ஒரு குத்து குத்திவிட்டுப் போவாள். "என்ன பெரிய எழுத்தாளரே, இன்னிக்கு யார் தலையை உருட்டறீங்க?" என்பாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினால் நின்று கேட்பாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வாள்.

அவளிடம் சில பழக்கங்கள் இருந்தன. எந்த அறையிலும் கதவைப் பார்த்துத்தான் நிற்பாள். வண்டியைப் பின்பக்கமாகவே நிறுத்துவாள், உடனே ஓட்டிக்கொண்டு கிளம்ப வசதியாக. சும்மா நிற்கும்போது இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொள்வாள், குளிர்காலத்தில் எல்லாரும் கையைக் கட்டிக்கொள்வதைப் போலத்தான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் பழைய பிக்கப் வண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. தொப்பியும் தாடியுமாக ஒரு ஆள் இறங்கினான். ஹாலியின் கையிலிருந்த காப்பிக் குடுவை அப்படியே மேசையில் உட்கார்ந்தது. அவளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள்ளே, முட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டித்துப்போயிருந்தது. அது குளிரால் மட்டும் இல்லை. வந்தவன் ஒரு விதை வியாபாரி, எனக்குப் பழக்கமான ஆள், போய்விட்டான் என்று நான் சொல்லியும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். அப்போதுதான் சொன்னாள். பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் புருஷன் இருக்கிறான். முழங்கையை அவன்தான் உடைத்தான், ஆஸ்பத்திரிக்குப் போக விடாததால் அது கோணலாகவே கூடிவிட்டது. அவளுடைய உண்மைப் பெயர் ரோக்ஸான்.

"தேடிக்கிட்டுதான் இருப்பான், வென்டெல்," என்றாள். "கண்டுபிடிச்சா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கான். அவன் கோவத்துல சொல்லல. சோறு தின்னுக்கிட்டே சொன்னான்."

இந்த விஷயம் ஊரில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். மார்லிஸுக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அது பெருமையாக இருந்தது. என்னை நம்பி ஒரு மனுஷி உயிரையே கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். கடையில் அவள் என்னைப் பார்க்கும்போது ஒரு தலையசைப்பு இருக்கும், மற்றவர்களுக்குக் கிடையாது.

காக்கஸ் கூட்டத்துக்கு முந்தின வாரம் எனக்கு இடி விழுந்தது. எங்கள் பெல் கூட்டத்தில் ஒரு கிழவர் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து வைத்திருந்த ஆட்களில் ஒன்று குறைந்தது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் ஒரு ஆள் இடித்தது. கிரெக்கின் நிழல் நகைச்சுவை கண்முன்னே வந்து நின்றது. அப்போது ஹாலி காப்பி ஊற்ற வந்தாள்.

பன்னிரண்டாவது ஆளாக வந்து நில் என்று கேட்டேன், அவள் முடியாது என்றாள். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் விடவில்லை என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "பேரும் விலாசமும் எழுதிக் கொடுக்கணும். ஊர் முன்னாடி நிக்கணும். நான் எதுக்குங்க அங்க?" என்றாள். வாசலில் எழுதிக் கொடுப்பது கட்சிக்காரர்களின் பெட்டிக்குள் போய்விடும், வெளியே வராது என்று விளக்கினேன். அது உண்மைதான். யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"நீங்க எடுப்பீங்களே," என்றாள்.

"எடுக்க மாட்டேன். நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன பயம்?"

அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "இவங்கள்ல யார் தேவலாம்னு என்னை யாருமே கேட்டதில்ல. கடையில எல்லாரையும் கேக்கறாங்க, டிவிக்காரன்கூட வந்து கேட்டான். நான் குடுவையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுவேன்," என்றாள். பிறகு, "சரி, வரேன். உங்க பக்கத்துலயே நிப்பேன்," என்றாள்.

பாருங்கள், அவளாக வந்தாள். நான் கட்டி இழுத்துக்கொண்டு வரவில்லை.

அன்று கூட்டம் நான் கணக்குப் போட்டிருந்த அளவுக்கே வந்தது. ஹாலி பச்சை கோட்டும் காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியுமாக வந்தாள். கதவருகே பேரை எழுதும்போது பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. கூடத்துக்குள் வந்ததும் வெளியேறும் கதவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் என்னோடு மூலைக்கு நடந்தாள். யாரோ தூரத்தில் நாற்காலியைத் தடாலென்று போட்டார்கள், அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்தது. எனக்கும் பயம்தான், வேறு பயம். எங்கள் மூலை செல்ல அன்று பன்னிரண்டு பேர் தேவை என்று மார்லிஸ் அறிவித்திருந்தார்.

எண்ண ஆரம்பித்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் பதினொன்று. பிறகு ஹாலியின் முறை. அவள் கை மேலே இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கார்மைக்கேல் மூலையிலிருந்து ஒருவன், "என்னம்மா, பதினொன்னுக்கு அப்புறம் என்னன்னு மறந்துபோச்சா?" என்று கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். ஹாலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடம் எதிரொலிக்கும்படி, "பன்னிரண்டு" என்றாள்.

எங்கள் மூலை செல்லும் என்று மார்லிஸ் சொன்னபோது நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஹாலி சிரித்துக்கொண்டே நின்றாள். தொப்பியை எடுத்துவிட்டாள். யாரோ கொண்டுவந்திருந்த பட்டை ரொட்டியை எடுத்து வாய் நிறையத் தின்றாள். "என்னையும் எண்ணினாங்க, பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை, கதவைப் பார்க்கவில்லை, முதுகைக் கதவுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் இந்தப் படத்தை எடுத்தேன். பன்னிரண்டு பேரும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று இரண்டடி பின்னால் போய், கேமராவைத் தானாக எடுக்கும்படி முடுக்கிக் கூடைப்பந்துக் கம்பத்தின் அடிப்பீடத்தில் வைத்து, நானும் ஓடி வந்து நின்றேன். அவள் முகத்தை அரைவாசி திருப்பியிருக்கிறாள். கேமராவைப் பார்க்கவே இல்லை. ஆனால் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், பழக்கம்.

அப்போதே போட்டுவிட நினைக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. எண்ணிக்கையை மட்டும்தான் எழுதினேன். அடுத்த நாளே கிரெக் பதிவு போட்டுவிட்டான். ஸ்டோர்விக்கில் பெல் மூலையில் இருந்தது பதினொரு பேர்தான், வென்டெல் தன்னை இரண்டு முறை எண்ணிக்கொண்டார், அவருடைய வாய் அளவுக்கு அது நியாயமான கணக்குத்தான் என்று. அதற்குக் கீழே ஐம்பது அறுபது பின்னூட்டங்கள். கெக்கெக்கே என்று சிரிப்பு. மார்லிஸ் எண்ணிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று சொன்னேன், மார்லிஸ் என் சிநேகிதி என்றார்கள். என் நேர்மையை யாரும் அதுவரை சந்தேகித்தது கிடையாது. விதை விற்ற காலத்தில்கூட ஒருவன் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. படத்தைப் போட்டேன். ஹாலியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், கேட்டு என்ன பிரயோஜனம்?

படம் பரவியது. தலைநகரத்துப் பத்திரிகை தன் இணையப் பக்கத்தில் எடுத்துப் போட்டது, நாடு முழுக்கப் பல வலைப்பூக்களில் வந்தது. சின்ன ஊரின் பிடிவாதம் என்று தலைப்பு. என் வலைப்பூவுக்கு ஒரு வருடத்தில் வந்தவர்களைவிட அதிகம் பேர் ஒரே நாளில் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் புல்வெளிக்காரன். அது அவர் வைத்துக்கொண்ட பெயர். டேரில் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் எழுதிய முதல் பின்னூட்டம் மிகவும் மரியாதையானது. தார்ப்பாய் சுருங்கியிருப்பதைக்கூட மறைக்காமல் படத்தைப் போட்டிருக்கிறீர்கள், உங்களைப் போன்ற நேர்மையான ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதினார். நன்றி சொன்னேன். அடுத்ததில், பச்சை கோட்டுப் பெண்மணியைத் தனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது, பெயர் ரோக்ஸான் தானே, முழங்கை இன்னும் கோணலாகவே இருக்கிறதா என்று கேட்டார்.

எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினேன், சமையலறைக் கதவையும் பூட்டினேன். திரைகளை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து பதில் எழுதினேன். அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் எழுதினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தவறாக நினைக்கிறீர்கள், அவர் பெயர் ஹாலி வெப் என்று எழுதினேன். ஆள் வேறு என்று தெரிந்தால் போய்விடுவார் என்பது என் எண்ணம்.

அவர் போகவில்லை. ஹாலி வெப் என்று ஸ்டோர்விக்கில் யாருமே கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன் என்றார். உங்களை நேர்மையானவர் என்று நினைத்து ஏமாந்துவிட்டேன் என்றார். வெளியூர்க்காரி ஒருத்தியைக் கூட்டிவந்து மூலையில் நிறுத்தி எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறீர்கள், கிரெக் சொன்னதில் தப்பில்லை என்றார். அதை எல்லாரும் பார்க்கும்படிதான் எழுதியிருந்தார். கொஞ்ச நேரத்தில் கிரெக்கே அங்கே வந்து, "அட, இது புதுசா இருக்கே, வென்டெல் பதில் சொல்லுங்க" என்று ஒரு வரி போட்டான்.

எங்கள் விதியைத்தான் உங்களிடம் சொன்னேனே. குடியிருப்பவர் இல்லை என்றால் ஓட்டு செல்லாது. பன்னிரண்டாவது ஓட்டு செல்லாவிட்டால் மூலை செல்லாது. மூலை செல்லாவிட்டால் நான் பொய்யன், மார்லிஸ் பொய்யர், ஆளுநர் பெல்லின் பெயரும் கெடும். அதனால் எழுதினேன். ஹாலி வெப் பல வருடங்களாக ஸ்டோர்விக்கில் குடியிருக்கிறார், லிண்டன் தெருவில் சலவைக்கடைக்கு மேல் மாடியில், பின்பக்கப் படிக்கட்டு வழி, சந்தேகம் உள்ளவர்கள் லுண்டின் கடையில் வேலை நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். கிரெக் வாயை மூடிக்கொண்டான். புல்வெளிக்காரன் "நன்றி ஐயா, சந்தேகம் தீர்ந்தது" என்று மட்டும் எழுதினார்.

அதை அழித்திருக்கலாமே என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். அழித்தால் கிரெக் என்ன சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

அந்த வாரம் நான் கடைக்குப் போகவில்லை. சளி என்று மார்லிஸிடம் சொல்லிவிட்டேன். ஹாலியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் கணினி கிடையாது, வலைப்பூவை நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு, அதனால் நான் எழுதியது அவளுக்குத் தெரிய வழியில்லை. இரவில் தூக்கம் இல்லை, வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அவள் இத்தனை வருடமும் எப்படிப் படுத்துத் தூங்கினாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

பிறகு ஒருநாள் தபால் எடுத்துவரப் போனேன். தபால் நிலையத்துக்கு எதிரே நெப்ராஸ்கா எண்ணோடு ஒரு பழுப்பு பிக்கப் நின்றது. உள்ளே இருந்தவன் சாவதானமாக ஏதோ தின்றுகொண்டிருந்தான். வலைப்பூவில் என் படம் இருக்கிறது அல்லவா, என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. தொப்பியின் விளிம்பைத் தொட்டு வணக்கம் வைத்தான். சிரித்த முகம். நானும் தலையை அசைத்துவிட்டேன். பழக்கம், அவ்வளவுதான். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. கதவுகளையெல்லாம் பூட்டி, சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஷெரிஃபைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? அவனுக்கு விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்களே. வைத்துவிட்டேன்.

மதியம் தொலைபேசி அடித்தது. ஹாலி.

"வென்டெல், கீழே ஒரு வண்டி நிக்குது," என்றாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது, தரையில் படுத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நினைக்கிறேன். "நெப்ராஸ்கா நம்பர். ஆள் உள்ள இருக்கானா இறங்கிட்டானான்னு தெரியல. நீங்க யார்கிட்டயாவது என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

"நானா? உன்னைப் பத்தி நான் எதுக்கும்மா பேசப் போறேன்?"

"அப்ப ஷெரிஃபைக் கூப்பிடட்டுமா?"

யோசித்தேன். ஷெரிஃப் வந்தால் விசாரிப்பார், விசாரித்தால் வலைப்பூவைப் பார்ப்பார், பார்த்தால் ஹாலிக்குத் தெரிந்துவிடும். கடையில் அந்தத் தலையசைப்பு இனி எனக்குக் கிடைக்காது. இதெல்லாம் ஒரு நொடியில் தோன்றியது. பயத்தில் மனது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் தொழில் அது.

"கூப்பிட்டு என்ன சொல்லப் போறே? அன்னிக்கு வந்தானே விதைக்காரன், அந்த மாதிரி எவனாவது இருப்பான்," என்றேன். "ஊரே சிரிக்கும். உன் பழைய பேரு வெளிய வரும். சும்மா நடுங்காதே. கீழே இறங்கி நேரா கடைக்குப் போ, மார்லிஸ் தேடிக்கிட்டிருப்பா."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "சரி, இறங்கறேன்."

பின்பக்கப் படிக்கட்டின் அடியில் அவளைக் கண்டெடுத்ததாகச் சொன்னீர்கள். பச்சை கோட்டுக்கு ஒரு பொத்தான்தான் போட்டிருந்தாள் என்றும் சொன்னீர்கள். அவசரமாக இறங்கியிருப்பாள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று. சைரன் சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை. அடுத்த மாநிலத்து நிலவரம் பற்றிய பதிவைப் பாதியில் விட்டிருந்தேன், அதை எழுதி முடித்தேன். ஒரு எண்கூடத் தவறாகப் போகவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. பின்னூட்டத்தில் இருந்தது யார் என்று எனக்கு எப்போது தெரிந்தது, விலாசத்தை எழுதுவதற்கு முன்பா, பின்பா. நீங்கள் இதை மூன்றாவது முறை கேட்கிறீர்கள். முன்பே தெரியும். படத்தில் அவள் கோட்டுப் போட்டிருக்கிறாள், முழங்கை கோணல் என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ரோக்ஸான் என்கிற பெயரும் எனக்குத் தெரியும். அவனேதான் என்று தெரிந்துதான் கதவைப் பூட்டினேன், தெரிந்துதான் எழுதினேன். அவள் தொலைபேசியில் கேட்டபோது வண்டிக்குள் இருந்தவன் யார் என்றும் தெரியும், அவனுக்கு நான் தலையை அசைத்திருந்தேன். இறங்கு என்று சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பொய்ப் பெயரில் வந்து நின்றவளின் ஓட்டு செல்லாது, ஸ்டோர்விக்கின் எண்ணிக்கையைப் பதினொன்று என்று மாற்ற வேண்டும் என்று கிரெக் கட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். செத்தவளை இப்படிச் செய்யலாமா? அவள் இந்த ஊரில் குடியிருந்தாள். பயத்தோடு வந்தாள், நின்றாள், ஊர் கேட்க வாய்விட்டுத் தன் எண்ணைச் சொன்னாள். மார்லிஸ் என்னிடம் பேசுவதில்லை, அதனால் நீங்கள்தான் கட்சிக்காரர்களிடம் சொல்ல வேண்டும். எனக்காக இதைக் கேட்கவில்லை. அவளுக்காகப் பேச என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?